மிச்சம் வராத எண்

381654729 என்ற எண்ணை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததாக அச்சில் எழுதினேன். அதைக் கண்டுபிடித்தவர் கமிட்டியின் முன்னால் வந்து கேட்டபோது, ஒரே ஒரு சொல்லைச் சொல்லி அவரைப் பொய்க்காரி ஆக்கினேன். முதலாவதை ஆசை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

முப்பத்துமூன்று வருடம் உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு கற்பித்தவன் நான். கேரள எல்லையில் பாறசாலையைச் சுற்றியுள்ள ஊர்களில், தமிழ் வகுப்புக்குத் தமிழிலும் மலையாள வகுப்புக்கு மலையாளத்திலும். கொல்லயில் பஞ்சாயத்துப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வாயனசாலை உண்டு. நூலகத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஓய்வு பெற்ற மறு வருடமே என்னை அதற்குத் தலைவராக்கினார்கள். எங்கள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகத் திருவிதாங்கூர் அரசுக் கச்சேரிகளில் எழுத்து வேலை பார்த்தவர்கள். ஊரில் ஒரு நாற்காலி காலியானால் எல்லோரும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவது பழக்கம். நானும் போய் உட்கார்ந்தேன்.

எண்ணைக் கண்டுபிடித்தவர் அந்த வாயனசாலையில் நூலகர். அப்போது நாற்பது வயது இருக்கும். பொழியூர்க் கடற்கரையில் பிறந்து எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர். கணிதம் எடுத்துக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் வருடம் நிறுத்தியவர். ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்டதில்லை. மாலை நாலு மணிக்குக் கதவு திறப்பார், ஏழரைக்குப் பூட்டுவார். செய்தித்தாள் படிக்க வருகிற கிழவர்களைத் தவிர ஆள் அதிகம் வராது. அந்த நேரத்தில் அவர் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஏதோ வகுத்துக்கொண்டிருப்பார். வீட்டுச் செலவு என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் தாளை என் மேசைக்கே கொண்டுவந்தார்.

"சாரே, ஒரு எண்ணு செல்லட்டா? சிரிக்கப்பிடாது."

"லாட்டரி நம்பரா?" என்றேன்.

"லாட்டரியில ஆறு இலக்கம்லா. இதுல ஒம்பது உண்டு. ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் எல்லாம் ஒரு தடவைதான் வரும்."

தாளில் 381654729 என்று பெரிதாக எழுதியிருந்தது. அவர் இடது உள்ளங்கையால் எண்ணை மூடினார். பிறகு கையை வலப்பக்கமாக மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு இலக்கமாகத் திறந்தார்.

"மூணு தெரியுதா? ஒருத்தனுக்குப் பங்கு. முப்பத்தெட்டு, ரெண்டு பேருக்குப் பங்கு, மிச்சமில்ல. முந்நூத்தி எம்பத்தொண்ணு, மூணு பேருக்கு. மூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு, நாலு பேருக்கு. ஆளு கூடக் கூட இலக்கமும் கூடும். கடைசி ஆளு வரைக்கும் ஒரு மீனு மிச்சம் வராது."

"மீனா?"

"எங்க கடப்பொறத்துல கரமடி வலை இழுத்தா, கரையில மீனைக் கூறு வைப்பாவ. எல்லாரும் வட்டமா நிப்பாவ. மிச்சம் வந்தாத்தான் சண்டை. எங்க அப்பன் கூறு வைக்கதுல பெரிய ஆளு. அதைப் பாத்துப் பாத்து வந்த யோசனையாக்கும். ஒருத்தன், பெறவு ரெண்டாவது ஆளு, பெறவு மூணாவது ஆளு... வந்துட்டே இருந்தா, எந்த நேரத்துலயும் சண்டை வராத எண்ணு ஒண்ணு உண்டான்னு தேடினேன்."

நான் அந்த இடத்திலேயே வகுத்துப் பார்த்தேன். 38165-ஐ ஐந்தால் வகுத்தால் 7633. 381654-ஐ ஆறால் வகுத்தால் 63609. 3816547-ஐ ஏழால் வகுத்தால் 545221. 38165472-ஐ எட்டால் வகுத்தால் 4770684. முழு எண்ணை ஒன்பதால் வகுத்தால் 42406081. எங்கும் மீதி இல்லை.

"சரி, இதை எப்படிப் பிடிச்சே? மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தியா?" என்றேன்.

"அதுக்கு ஆயுசு போதாதே சாரே" என்றார்.

உண்மைதான். ஒன்பது இலக்கங்களை மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது விதமாக வரிசை மாற்றலாம். அவர் செய்தது வேறு. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டைப்படை இலக்கம்தான் வரமுடியும் என்று முதலில் வைத்தார். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு வராது; சுழி ஆட்டத்தில் இல்லை. ஆக மீதியுள்ள இடங்களில் 1, 3, 7, 9. மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படை என்பதால் நான்காம் இடத்தில் 2 அல்லது 6 வந்தால்தான் நான்கு வகுக்கும். எட்டாம் இடத்துக்கும் அதே நியாயம். அப்படியானால் 4-உம் 8-உம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்கு. மூன்றும் ஆறும் வகுக்க வேண்டும் என்பதைச் சேர்த்தால் நடுவில் 258 அல்லது 654 மட்டுமே உட்காரும். இப்படிக் கழித்துக் கழித்து அவர் பத்தே பத்து எண்களுக்கு வந்துவிட்டார். ஒன்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45, எந்த வரிசையிலும் ஒன்பது வகுக்கும். ஏழு மட்டும்தான் பாக்கி.

"ஏழுதான் சாரே வாசல்ல நிக்க ஆளு" என்றார். "பத்து பேரும் நல்ல உடுப்பு உடுத்து வந்தாச்சு. 987654321-உம் வந்தான், என்ன கம்பீரம்! ஏழு அவனையும் திருப்பி விட்டுட்டு. ஒருத்தனைத்தான் உள்ள விட்டுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முப்பத்துமூன்று வருடம் கணக்குப் பாடம் எடுத்தும் என்னுடையது என்று சொல்ல ஒரு எண் கூட என்னிடம் இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இதை எழுத இப்போதும் கூசுகிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

அவருக்கு ஒரு தேவை இருந்தது. அந்த வருடம் வாயனசாலையில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குவதாக இருந்தோம். அதில் கணக்கு வகுப்பைத் தான் எடுக்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். பட்டம் முடிக்காதவர் எப்படி எடுப்பார் என்று கமிட்டியில் இழுத்தார்கள். மீன்காரி வீட்டுப் பெண் கணக்கு எடுப்பதா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் நான்தான் அவருக்கு ஒரு வழி சொன்னேன்.

"மக்கா, இதை நம்ம ஆண்டு மலர்ல உன் பேருல போடுவோம். அச்சுல வந்துட்டா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். தாளை எங்கிட்ட தா, நான் நல்ல நடையில எழுதித் தாறேன்."

அவர் நாட்காட்டித் தாளை மடித்து என் கையில் தந்தார். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. தலைவரிடம் கொடுக்கும்போது யாராவது நகல் எடுப்பார்களா?

மூன்று நாள் எழுதினேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. எழுத எழுத வாக்கியம் என்னுடையது, கணக்கு அவருடையது என்ற கோடு மங்கிக்கொண்டே போனது. கரமடியை எடுத்துவிட்டேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன் மீன் கூறு வைத்ததைப் பார்த்து எண் கண்டுபிடித்ததாக எழுதினால் நம்பமாட்டார்கள் அல்லவா? மீனுக்குப் பதிலாகப் பலாச்சுளை போட்டேன். முற்றத்தில் பலாப்பழம் வெட்டி வந்தவர்களுக்கெல்லாம் சுளை பங்கிட்டபோது எனக்கு இந்த யோசனை உதித்தது என்று எழுதினேன். அந்தப் பலாச்சுளையை மாற்றும்போதே நான் முடிவு செய்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் அச்சகத்திலிருந்து "யாருடைய பேர் போடணும்?" என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் முடிவு செய்ததாக நெடுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

கட்டுரை என் புகைப்படத்தோடு வந்தது. மனைவி சாய்ந்து உட்கார்ந்து அதைப் படித்தாள்.

"கேட்டியளா, இது அந்த லைப்ரரிப் பிள்ளை செல்லிச்சுன்னு நீங்க செல்லல்லியா?"

"அவ ஒரு சின்ன சூசனை தந்தா. மிச்சம் நான் செய்தது."

"பலாச்சுளைன்னு இருக்கே. அந்தப் பிள்ளை மீனுன்னுல்லா செல்லிச்சு?"

"நீ சும்மா இரி."

அவள் சும்மா இருந்தாள். இரண்டு நாள் சும்மாவே இருந்தாள்.

மலர் வெளியான வாரம் அவர் என்னிடம் வரவில்லை. நேரே செயலரிடம் போனார். செயலர் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காபி கேட்டாலும் மனு மாதிரித்தான் கேட்பார். அவருக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது, பேசவும் வராது. விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். ஒரு புதன்கிழமை மாலை, ஐந்தாறு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள். நூலகர் கதவருகே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் நடந்ததை மலையாளத்தில் சொன்னார். அழவில்லை, குரலும் உயரவில்லை. எண் என்னுடையது, தாளைத் தலைவரிடம் தந்தேன், அவர் தன் பெயரில் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

செயலர் என் பக்கம் திரும்பினார். "ஸாரே, ஈ ஆரோபணம் களவாணோ?"

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். களவு என்றால் தமிழில் திருட்டு. மலையாளத்தில் அதற்குத் திருட்டு என்றும் பொருள் உண்டு, பொய் என்றும் பொருள் உண்டு. கோர்ட்டுக்காரர்கள் அதைப் பொய் என்றே எழுதுவார்கள்: களவான மொழி என்றால் பொய்ச் சாட்சியம், களவான வழக்கு என்றால் பொய் வழக்கு. செயலர் கேட்டது, இந்தக் குற்றச்சாட்டு பொய்யா என்பது. எங்கள் ஊர்களில் பிறந்த யாருக்கும் இரண்டு பொருளும் தெரியும். எனக்குத் தெரியாதா?

நான் சொன்னேன்: "களவு தான்."

தமிழில்தான் சொன்னேன். அந்த ஒரு நொடியில் என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. செயலர் காதில் அது பொய் என்று விழும். என் காதில் அது திருட்டு என்று விழும். உண்மையைச் சொன்னவனாகவும் ஆவேன், தப்பியவனாகவும் ஆவேன். அப்படி ஒரு சொல் கையில் கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

நூலகர் என்னைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு மொழியும் உண்டு. நான் எந்த மொழியில் சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்தது. எதிராளி தன் வாயால் ஒத்துக்கொண்டான் என்று அவர் நினைத்துவிட்டார்.

"ஆமா. களவுதான். சாரே செல்லியாச்சு" என்றார் தமிழில்.

ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர், "அவரு தன்னெ சம்மதிச்சல்லோ" என்றார். பொய் என்று அவரே ஒப்புக்கொண்டாராம். செயலர் பேனாவைத் திறந்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்: ஆரோபணம் களவென்று தலைவர் தெரிவித்தார், புகார்க்காரியும் அதைச் சம்மதித்தார்.

எழுதியதை அவர் வாசித்தபோதுதான் நடந்தது என்ன என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கியது. "அய்யோ, நான் செல்லினது அதில்ல" என்றார். பிறகு மலையாளத்துக்கு மாறினார், திக்கினார், மறுபடி தமிழுக்கு வந்தார். "சாரே, நீங்க செல்லுங்க. நீங்க என்ன அர்த்தத்துல செல்லினீங்க? செல்லுங்களேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஞாயிறு வகுப்பு நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு பட்டதாரிக்குப் போனது. ஒரு மாதத்துக்குள் நூலகர் வாயனசாலைச் சாவியைச் செயலர் வீட்டில் கொடுத்துவிட்டார். பிறகு குடும்பத்தோடு பொழியூருக்கே போய்விட்டதாகவும், அங்கே ஒரு அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். விவரம் சொன்ன ஆளிடம் "அப்படியா" என்றேன்.

மூன்று வருடம் கழித்து மருமகன் ஒரு கைபேசி வாங்கித் தந்தான். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. ஒரு மத்தியானம் சும்மா அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். உலகத்துக்கே தெரிந்த எண் அது. என்றோ யாரோ கண்டு, எத்தனையோ பேர் எழுதி, குழந்தைகளுக்கான புதிர்ப் பக்கங்களில் கூட இருக்கிறது. கடைசியில் ஒரு சுழி சேர்த்தால் பத்தாலும் வகுபடும் என்று அதில் போட்டிருந்தது. அதை அவரும் நாட்காட்டித் தாளின் மூலையில் எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் வரவில்லை. இது ஏற்கெனவே ஊரார் சொத்து, அப்படியானால் நான் அவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்று நினைத்தேன். இந்தத் தர்க்கத்தை வைத்துக்கொண்டு மேலும் நாலு வருடம் நன்றாகத் தூங்கினேன். யாரும் சொல்லித் தராமல், பாதிப் படிப்போடு, கிழவர்கள் செய்தித்தாள் புரட்டுகிற சத்தத்தில் உட்கார்ந்து அவர் தானாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது, அந்த எண் எத்தனை பழையதாக இருந்தாலும் அவருடையதுதான். என் மாணவன் யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பேன்.

போன வருடம் வாயனசாலைக்குப் புதிய கூடம் கட்டி முடித்தார்கள். வருஷாந்தரக் கூட்டத்தில் செயலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கூடத்தின் முன்சுவரில் 381654729 என்று பெரிதாக எழுதி, கீழே நம் தலைவர் கண்டுபிடித்த எண் என்று என் பெயரும் போடவேண்டும் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எழுபத்தாறு வயது. நான் போன பிறகும் அந்தச் சுவர் நிற்கும் என்பது திடீரென்று உறைத்தது.

எழுந்து நின்றேன். களவு என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. மலையாளத்தில், பள்ளிக் குழந்தைக்கும் புரிகிற சொல்லில், "ஞான் மோஷ்டிச்சதாணு" என்றேன். நான் திருடியது. யாரிடமிருந்து என்றும் சொன்னேன். பலாச்சுளை பொய் என்றும், அன்று மினிட்ஸில் எழுதியது தவறு என்றும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர் கைபேசியை உயர்த்தினார். "ஸாரே, இது நெட்டில் உண்டல்லோ. எத்ற பழய ஸாதனமா!"

நெட்டில் இருக்கிற பழைய சங்கதியாம். சபை சிரித்தது. செயலர் மேசையைத் தட்டினார். "அப்போ அவரும் எவிடுந்நோ எடுத்ததாயிரிக்கும். ஸாரு எந்தினா விஷமிக்குந்நது?"

அவரும் எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கும், நான் ஏன் வருந்த வேண்டும் என்று என்னைத் தேற்றுகிறார். அவர் அப்படி எடுக்கவில்லை, பத்து எண்ணாகக் கழித்துக் கொண்டுவந்த தாளை நான் கண்ணால் பார்த்தேன் என்று கத்தினேன். "தாள் எவிடெ?" என்றார் செயலர். தாள் என்னிடம் இல்லை. மலர் வந்த அன்றே அதைக் குளிமுறி வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தேன். மினிட்ஸையாவது திருத்துங்கள் என்றேன். புகார்க்காரி நேரில் சம்மதித்ததாகப் பதிவு இருக்கிறது, திருத்த வேண்டுமானால் அவரே வந்து சொல்லவேண்டும் என்றார். சட்டம் அறிந்தவர்.

மறுநாள் பொழியூருக்குப் பேருந்து ஏறினேன். அங்கன்வாடிக்குப் பின்னாலிருக்கிற வீடு. அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். தான் உட்காரவில்லை.

"அறிஞ்சேன்" என்றார். "நேத்தே வாட்ஸ்அப்புல வந்துட்டு. நெட்ல இருந்து எடுத்த எண்ணுக்காக ரெண்டு பேரு அடிபிடின்னு."

"நீ ஒரு தடவை வந்து சொல்லணும் மக்கா. அந்தப் பதிவைத் திருத்தணும். நான் கூட நிக்கேன்."

"என்னண்ணு செல்லதுக்கு? ஏழு வருஷம் முன்ன பொய்க்காரி. இப்போ கள்ளி. இதுக்கு முன்ன நமக்கு ரெண்டு பேருக்காவது அது யாருக்க எண்ணுன்னு தெரிஞ்சிருந்துது சாரே. நேத்தைக்கு அதுவும் போச்சு."

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"அண்ணைக்கும் உண்மையைத்தானே செல்லினீங்க? களவுதான்னு."

பிறகு அவர் கேட்டார், "சாருக்கு அந்தப் பத்து பேரும் ஓர்ம உண்டா?"

நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். 147258963. 741258963. 987654321. 789654321. அதற்கு மேல் தடுமாறினேன். அவர் காயப்போடுகிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மீதி ஆறையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"987654321-ஐ ஏழாவது இலக்கத்துல வச்சு ஏழு திருப்பி விட்டப்ப எத்தனை மிச்சம்?"

"தெரியாது."

"அஞ்சு" என்றார். "உங்க பேருல ஏழு வருஷம் கெடந்துது, அது கூடத் தெரியாது."

கணக்கு இப்போதும் பார்ப்பது உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த வருஷம் வேற ஒண்ணு பாத்துட்டு இருந்தேன். இதே பங்குக் கணக்குதான். ஒரு இலக்கம் எத்தனை தடவையும் வரலாம், சுழியும் வரலாம்னு விட்டா, ஆளு எத்தனை வரைக்கும் வந்து நிக்கலாம்? பத்துக்குப் பெறவு பதினொண்ணு, பன்னிரண்டு... எங்கயாவது போய் நிக்கணும் இல்லியா? பதினாறு வரைக்கும் கொண்டுவந்தேன். பெறவு நீங்க கண்ணாடி தொடச்சீங்க. அதோட விட்டாச்சு."

எனக்கு விடை தெரியும். கைபேசியில் பார்த்திருக்கிறேன். எத்தனையாவது ஆளோடு அது முடிகிறது, அதற்கு மேல் ஏன் ஒருவருக்கும் இடமில்லை என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. இதையாவது கொடுக்கலாம் என்ற அவசரத்தில் வாயைத் திறந்தேன்.

அவர் கையை நீட்டித் தடுத்தார். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

"செல்லப்பிடாது! அதும் நெட்ல உண்டுன்னு எனக்குத் தெரியும். நான் பாக்கல்ல. நீங்களும் செல்லிரப்பிடாது. எழுதவும் பிடாது. சாரு எனக்கு ஒண்ணு செய்யணும்னா அது ஒண்ணுதான். வேற எங்கயாவது உங்க பாவத்தை எழுதினாலும் எனக்க பேரு வேண்டாம். போயிட்டு வாங்க."

பேருந்து வரும்வரை கடற்கரைச் சாலையில் நின்றேன். இன்னும் தேடப்போகிறாரா, இல்லை என் வாயை அடைப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். தலைவர் பதவியை விட்டேன். உடல்நலக் குறைவால் என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள். பழைய பதிவு திருத்தப்படவில்லை. சுவரில் ஒன்றும் எழுதவில்லை, வெள்ளையாகவே கிடக்கிறது. வாயனசாலையில் மிச்சமிருந்த மலர்களில் என் கட்டுரைக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டினேன்: இந்த எண் என்னுடையதல்ல, இங்கே நூலகராக இருந்த ஒருவர் தானாகக் கண்டது, மீன் கூறு வைப்பதிலிருந்து கண்டது என்று. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பாதிப் பிரதிகளில் சீட்டு இல்லை. பசை சரியில்லை என்றார் செயலர்.

கொடுமை என்னவென்றால் எனக்கு மதிப்பு கூடிவிட்டது. பாறசாலைச் சந்தையில் பார்க்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இந்த வயசுல சபையில எந்திரிச்சு அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும் சாரே" என்கிறார்கள். சொல்லிவிட்டு அதே மூச்சில், "அவளும் நெட்டுலதானே எடுத்திருக்கா" என்கிறார்கள். இல்லை என்று ஒவ்வொருவரிடமும் விளக்குகிறேன். நாலாம் இடம், எட்டாம் இடம் என்று நான் தொடங்கும்போது அவர்கள் காய்கறிப் பையை மாற்றிப் பிடிக்கிறார்கள்.

இந்த வருட மலருக்கு, இலக்கம் திரும்பவும் வரலாம் என்று விட்டால் கிடைக்கிற அந்த நீளமான எண்ணைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று போன மாதம் செயலர் கேட்டார். நெட்டில் இருப்பதுதானே, ஸாருக்கு எளிது என்றார். எழுதமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்கு அதைச் சொல்லவில்லை. அது எத்தனை இலக்கத்தில் போய் நிற்கிறது என்பதை இங்கேயும் நான் எழுதவில்லை.